வால் வெட்டிய பெயர்

உங்கள் வீட்டைப் பிடுங்கியவர்களும் எங்கள் வீட்டைப் பிடுங்கியவர்களும் இந்தப் போரில் ஒரே பக்கம் நின்று ஜெயித்தவர்கள். உங்களை விரட்டியவன் தொப்பியில் சிவப்பு நட்சத்திரம் குத்தியிருந்தான். எங்களை விரட்டியவன் தொப்பியில் ராஜாவின் கிரீடம் இருந்தது. இரண்டு தொப்பிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சிரிக்கிற படத்தைப் பேப்பரில் பார்த்திருக்கிறேன். இதை இப்படிச் சொன்னால் இராணுவ முகாமில் வேலை போய்விடும் என்று அத்தை பயப்படுகிறாள். போகட்டும். உங்களுக்கு எழுதும்போதுகூட மென்று முழுங்கினால் நான் எழுதவே வேண்டாம்.

இன்று காலை பூந்தமல்லிச் சந்தையில் அருவதாத் தழை வாங்கினேன். அத்தை மகளின் கைக்குழந்தைக்கு மாந்தம். கரையான்சாவடி தாண்டி நடந்து வருவதற்குள் பொட்டலம் வெயிலில் வாடி, அந்த வாசனை உள்ளங்கையில் ஏறிவிட்டது. கசப்பும் காரமுமாக, மூக்கைப் பின்னால் தள்ளுகிற வாசனை. எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அது பிள்ளை பெற்ற வீட்டு வாசனை என்பார்கள். எனக்கு அது உங்கள் மகளின் பெயர். ஆவடி வருகிற வரைக்கும் கையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. எதிரே வண்டியில் வந்தவன் என்ன நினைத்தானோ தெரியாது.

அந்தச் செடியை நீங்கள் முதலில் பார்த்த நாள் நினைவிருக்கிறதா? கன்னியம்மா அத்தையின் குடிசை வாசலில், உடைந்த பானையில் வைத்திருந்தாள். நீங்கள் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த நாள் அது. வெள்ளைக்காரி வருகிறாள் என்று பாய் விரித்து, பாயைத் தட்டி, மறுபடியும் விரித்து வைத்திருந்தோம். நீங்கள் பாயைப் பார்க்கவே இல்லை. பானைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தீர்கள். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். மகளைக் கைகாட்டி, செடியைக் கைகாட்டி, "ரூத்தா, ரூத்தா" என்றீர்கள். உங்கள் ஊரில் பெண் குழந்தை இருக்கிற வீட்டில் எல்லாம் இந்தச் செடி இருக்குமாம். மகளுக்கு அதன் பெயரையே வைத்திருந்தீர்கள். அன்று முதல் அவள் எங்களுக்கு அருவதா. பத்து நாளில் தெருவில் எந்தக் குழந்தை அழுதாலும், "அருவதாவக் கூப்புடு, மோந்து பாத்தா செரியாய்டும்" என்று கிண்டல் பண்ணினார்கள். அவளும் தலையை நீட்டுவாள்.

உங்கள் பெயரையும் உங்கள் வீட்டுக்காரர் பெயரையும் இதில் எழுத மாட்டேன். அருவதா இன்று எங்கே இருக்கிறாள் என்றும் எழுத மாட்டேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்குப் போகப்போகத் தெரியும்.

பம்பாய்ப் பக்கத்து அகதி முகாமிலிருந்து நீங்கள் ஆவடிக்கு வந்தது, இங்கே இராணுவ ஆஸ்பத்திரியில் கட்டுத்துணிக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ள. போரில் துணிப் பஞ்சம். காயத்தில் கட்டிய துணியையே சோடா போட்டு வேகவைத்து, துவைத்து, உலர்த்தி, சுருட்டி மறுபடி அனுப்ப வேண்டும். வேக வைப்பதும் சுருட்டுவதும் எங்கள் வேலை. மேற்பார்வைக்கு யாரோ ஒரு துரைசானி வருகிறாள் என்றார்கள். வந்தது நீங்கள். முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு கொப்பரைப் பக்கத்தில் வந்து நின்றீர்கள். கன்னியம்மா அத்தை "கும்புட்றேன் தொரசானி" என்றதும் உங்கள் முகம் சுளித்தது. யாரிடமோ கேட்டுக்கொண்டு மறுநாள் வந்து, "தொரசானி வேணாம். அக்கா" என்றீர்கள். அத்தைக்கு உங்களைவிடப் பதினைந்து வயது கூட. அவளும் அக்கா என்றே கூப்பிட்டாள்.

எங்களிடம் கற்ற தமிழ் எங்கள் தமிழாகத்தானே இருக்கும். ஒருநாள் பெரிய டாக்டரின் மனைவி கொட்டகையைப் பார்க்க வந்தாள். கூட வந்த மதராஸ்காரச் சீமாட்டி ஒருத்தி தன் அழகான தமிழில் உங்களிடம், "சௌகரியமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டாள். "நல்லா கீறேன். நீ எப்டி கீறே?" என்றீர்கள். அந்தம்மாள் முகம் போன போக்கை அத்தை ஒரு மாதம் நடித்துக் காட்டினாள்.

அந்தக் கொட்டகை நின்ற இடம் எது என்று உங்களுக்கு முதலில் சொன்னது நான்தான். சேக்காட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் சேரி அங்கேதான் இருந்தது. தலையாரி ஒருநாள் வந்து தமுக்கு அடித்தான். முகாம் வருகிறது, காலி பண்ணுங்கள். பட்டா இருந்த குடியானவர்களுக்கு வேறு இடத்தில் நிலம் பேசினார்கள். அதே நிலத்தை உழுதும் நாற்று நட்டும் வந்த எங்களுக்கு, பட்டா இல்லை என்பதுதான் பதில். பொழுது சாய்வதற்குள் கூரையைப் பிரித்து மூங்கிலைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தோம். முள்கம்பி எங்கள் கிணற்றையும் சேர்த்து வளைத்துவிட்டது. அப்புறம் எங்களையே கூலிக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் அடுப்பு இருந்த இடத்தில் கொப்பரை வைத்து, எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, எவனுடைய இரத்தத்தையோ வேகவைத்தோம். இதை நான் கத்திக் கத்திச் சொன்னபோது நீங்கள் ஆறுதல் சொல்லவில்லை. "எவ்ளோ நேரம் குடுத்தான்?" என்று கேட்டீர்கள். பொழுது சாயும் வரை என்றேன். "எனுக்கு ஒரு மணி" என்றீர்கள்.

அதற்குப் பிறகுதான் உங்கள் கதை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. துணி சுருட்டிக்கொண்டே சொல்வீர்கள். பாதித் தமிழ், கால் இங்கிலீஷ், மீதி கை. உங்கள் நாடு லித்துவேனியா. அப்படி ஒரு நாடு இருப்பது எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கே தெரியாது. வீட்டுக்காரருக்குத் தபால் ஆபீஸில் வேலை. ஒரு தோட்டம், இரண்டு மாடு, இரண்டு பிள்ளைகள். ருஷ்யா அந்தச் சின்ன நாட்டை விழுங்கிய அடுத்த வருஷம், விடியுமுன் கதவை இடித்தார்கள். வாசலில் நின்று நாலு பேர் பெயரையும் படித்தார்கள். ஒரு மணி நேரத்தில் மூட்டை கட்டச் சொன்னார்கள். குடும்பமாகப் போகிறோம் என்று நம்பி, கைக்கு வந்ததை வந்த மூட்டையில் திணித்தீர்கள். ஸ்டேஷனில் ஆண்கள் எல்லாம் வேறு வண்டி என்றார்கள். போய்ச் சேருகிற வரைதான், அங்கே மறுபடி சேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். அவர் தன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். வண்டி நகர்ந்த பிறகு பிரித்துப் பார்த்தால் உங்கள் மூட்டையில் அவருடைய சவரக் கத்தியும் கம்பளிக் கால்சட்டையும். இரண்டு பிள்ளைகளின் பூட்ஸும் அவர் மூட்டையில்.

இதைச் சொல்லும்போது நீங்கள் அழவில்லை. சிரித்தீர்கள். "அவுரு அங்க கொழந்த பூட்ஸ வெச்சிகினு இன்னா பண்ணுவாரு? நா இங்க கத்தி வெச்சிகினு யாருக்கு செரைக்கிறது?" என்றீர்கள். கொட்டகையே சிரித்தது. அத்தை மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தக் கால்சட்டையைக் கத்தியால் கீறிக் கீறி நாடாவாக்கி, பிள்ளைகளின் காலில் சுற்றி, சைபீரியக் காட்டில் மரம் வெட்டும் முகாமில் அவர்கள் விரல்களைக் காப்பாற்றினீர்கள். சுற்றிய துணி நழுவாமல் முடிச்சில்லாமல் முடிக்கும் வித்தையை எங்களுக்கும் காட்டிக்கொடுத்தீர்கள். எங்கே கற்றது என்று கேட்ட டாக்டரிடம் மட்டும் "ஊட்ல" என்றீர்கள்.

காட்டிலிருந்து வெளியே வந்த கதையை நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிய ஆசைப்பட்டேன். சொல்லக்கூடாது என்று வாயில் விரல் வைத்தீர்கள். போர் திசை மாறியதும் ருஷ்யாக்காரன் போலந்து நாட்டுக்காரர்களை மட்டும் விடுதலை செய்தான். உங்கள் நாட்டுக்காரர்களை விடவில்லை. உங்கள் ஊரில் போலிஷ் பேசுகிறவர்கள் அதிகம், உங்களுக்கும் அந்தப் பாஷை தண்ணீர் பட்ட பாடு. பெயர்தான் இடைஞ்சல். உங்கள் ஊரில் குடும்பப் பெயருக்கு ஆளுக்கொரு வால். புருஷன் பெயர் 'ஸ்' என்று முடியும். பெண்டாட்டி பெயர் 'யெனே' என்று முடியும். கல்யாணமாகாத மகள் பெயர் 'தே' என்று முடியும். ஒரே பெயர், மூன்று வால். வாலைக் கேட்டாலே யாருடைய மனைவி, யாருடைய மகள் என்று தெரிந்துவிடும். போலந்துக்காரிக்கு வால் 'ஸ்கா'.

"நா வால வெட்னேன். வேற வால் ஒட்னேன்" என்றீர்கள், பல்லி மாதிரி விரலை ஆட்டிக் காட்டி. எழுதுகிறவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம். அம்மாவுக்கும் ஸ்கா, மகளுக்கும் ஸ்கா. மகனுக்கும் ஒரு போலிஷ் வால். அந்த வாலைப் பிடித்துக்கொண்டு தெற்கே ரயில், பாரசீகத்துக்குக் கப்பல், அங்கிருந்து பம்பாய். சின்னவன் மட்டும் வழியில், மணலாகக் கிடந்த ஒரு ஊரில் நின்றுவிட்டான். மணலைத் தோண்டி மூடுகிற மாதிரிக் கையால் காட்டிவிட்டு அடுத்த துணியை எடுத்தீர்கள்.

ஆக, உங்களை எந்தத் தேசமும் காப்பாற்றவில்லை. இராணுவக் கோயிலில் பாதிரியார் உங்கள் அடக்கத்தன்று, சக்கரவர்த்தியின் கருணை உங்களுக்கு அடைக்கலம் தந்தது என்று பேசினார். நாங்கள் பின்னால் நின்று கேட்டோம். அடைக்கலத்தை நீங்கள் திருடினீர்கள் அக்கா. உங்கள் பெயரிலிருந்து ஒரு துண்டை வெட்டி விலையாகக் கொடுத்துத் திருடினீர்கள். அதைவிட யோக்கியமான காரியத்தை நான் பார்த்ததில்லை.

என் அண்ணனை மறந்திருக்க மாட்டீர்கள். ரயில் பட்டறையில் வேலை, சிவப்புக் கொடிச் சங்கத்தில் சேர்ந்திருந்தான். ருஷ்யா என்றால் அவனுக்கு உயிர். அங்கே பண்ணையாரிடம் பிடுங்கி உழைக்கிறவனுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று அவன் சொல்லித்தான் நானும் நம்பினேன். இப்போதும் பிடுங்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். உங்கள் கதையை நான் அரைகுறையாகச் சொன்னதும் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கள் குடிசையில் கேழ்வரகுக் களி தின்றுகொண்டிருந்தபோது நேரடியாகவே கேட்டான்.

"ருஷ்யாவுல ஏழைங்கள தொட மாட்டாங்க. உனுக்கு அங்க இன்னா இருந்துச்சு, அத்தச் சொல்லு."

"ரெண்டு மாடு, ஒரு தோட்டம்" என்றீர்கள்.

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து எங்களுக்கு ஒரு மாடு கெடையாது. அப்ப நீ பணக்காரிதான்."

நீங்கள் களியை விழுங்கிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, நிதானமாகச் சொன்னீர்கள். "செரி நைனா. மாட்ட எட்த்துக்கோ. தோட்டமும் எட்த்துக்கோ. எம் புள்ளய ஏன் ரயில்ல ஏத்னே?"

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு, "அது தப்புதான்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். கட்சிக்காரன் ஒருவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை வாங்கிய ஒரே ஆள் நீங்கள். அவன் சங்கத்தை விடவில்லை. விட வேண்டும் என்று நீங்களும் சொல்லவில்லை. எனக்கும் அன்றைக்குத்தான் தெளிந்தது. நிலத்தைப் பிரி, மாட்டைப் பிரி, நானும் வந்து கயிற்றைப் பிடிக்கிறேன். குழந்தையின் காலில் இருக்கிற பூட்ஸைப் பிடுங்குகிறவன் எந்தக் கொடி பிடித்தாலும் அவன் எங்கள் தலையாரிக்கு அண்ணன்.

போர் முடிந்தது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். உங்களுக்கு அப்போதுதான் மூச்சு நின்றது. அகதிகளை அவரவர் நாட்டுக்குப் பிரித்து அனுப்ப ஒரு கமிட்டி முகாம் முகாமாக வருகிறது என்று செய்தி. லித்துவேனியா தன்னுடையது, அந்த நாட்டு ஆட்கள் தன் ஆட்கள், திருப்பி அனுப்பு என்று ருஷ்யா கேட்கிறதாம். போலந்துக்காரி என்றால் போக மாட்டேன் என்று சொல்லிப் பார்க்கலாம். உண்மைப் பெயர் வெளியே வந்தால் அதே ரயில், அதே காடு, இந்த முறை அருவதாவும் கோடரி பிடிக்கிற வயதை நெருங்கியிருப்பாள். நீங்கள் அவளைப் பழக்கினீர்கள். பொத்தான் பளபளக்கிற சட்டை போட்டவன் எவன் கேட்டாலும் ஸ்கா என்று சொல். தூங்கும்போது எழுப்பிக் கேட்டாலும் ஸ்கா. அவளும் கிளிப்பிள்ளை மாதிரிச் சொன்னாள்.

கமிட்டிக்காரன் பொத்தான் சட்டை போட்டுக்கொண்டு வரவில்லை. அதை யார் எதிர்பார்த்தார்கள்? அரைக்கால் சட்டையும் வெள்ளை பனியனுமாக, டென்னிஸ் ஆடிவிட்டு வந்த மாதிரி வந்தான். கூட ரைட்டர், நம் முகாம் ஆபீஸ் குமாஸ்தா. எங்களோடு பேசும்போது இரண்டு முழம் தள்ளி நிற்கத் தெரிந்த மனுஷர். துரை கொட்டகை வாசலில் அருவதாவைப் பார்த்து, பெப்பர்மிண்ட் கொடுத்து, உன் முழுப் பெயர் என்ன என்று கேட்டான். அவள் அவனுடைய பனியனைப் பார்த்தாள். பொத்தான் இல்லை. உங்களுக்கும் அவளுக்கும் உங்கள் வீட்டுக்காரருக்கும் மட்டும் சொந்தமான அந்தப் பெயரை, 'தே' என்ற வாலோடு, முத்துமுத்தாகச் சொன்னாள்.

நீங்கள் உள்ளே கையில் ஈரத்துணியோடு நின்றிருந்தீர்கள். உங்கள் உதடு வெளுத்ததை நான் பார்த்தேன்.

துரை ரைட்டரிடம் என்னவோ கேட்டான். ரைட்டர் உங்களிடம் வந்தார். "அம்மா பேர் ஒண்ணு, பொண்ணு பேர் ஒண்ணா இருக்கே. உங்க சொந்தப் பொண்ணுதானான்னு கேக்கறார். இல்லேன்னா அநாதைக் குழந்தைகளைத் தனியா அனுப்பறாளாம். அது எந்த ஊர்ப் பேர்னும் கேக்கறார்."

நீங்கள் பிழிந்த துணியையே மறுபடி பிழிந்துகொண்டிருந்தீர்கள். கன்னியம்மா அத்தைதான் வெற்றிலையைத் துப்பிவிட்டு முன்னால் வந்தாள்.

"அது ஊட்ல கூப்புட்ற பேரு சாமி. வெச்ச பேரு வேற, கூப்புட்ற பேரு வேற. உங்க ஊட்ல இல்லியா? உங்கள உங்கம்மா இன்னான்னு கூப்புடுவாங்க?"

ரைட்டர் கொஞ்சம் தயங்கி, "அம்பி" என்றார். கொட்டகையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அத்தயே தொரைக்குச் சொல்லு. அப்பறம் தோ நிக்கிறாளே, இவ பேரு குப்பம்மா. இவளுக்கு முந்தி ரெண்டு போச்சு. இவ பொறந்ததும் குப்பமேட்ல போட்டுப் பொரட்டி, குப்பம்மான்னு பேரு வெச்சோம். எமன் வந்து பேரு கேட்டான்னா, சீ குப்பதானேன்னு போய்டுவான். அந்த மாறி பேரு சாமி இது. அவுங்க ஊர்லயும் எமன் கீறான் இல்ல?"

என் பெயரை நான் வெறுத்த அளவுக்கு எதையும் வெறுத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டேன். அன்று நெஞ்சை நிமிர்த்தி, "ஆமாம், நான்தான் குப்பம்மா" என்று இங்கிலீஷில் துரையிடம் சொன்னேன். ரைட்டர் மொழிபெயர்த்தார். நன்றாகவே மொழிபெயர்த்தார், அதைச் சொல்ல வேண்டும். துரைக்கு அது பிடித்துவிட்டது. உங்கள் பக்கம் திரும்பி, இவள் பெயருக்கு என்ன அர்த்தம், உனக்கும் பிள்ளை போயிருக்கிறதா என்று கேட்டான்.

"ஒன்று போய்விட்டது" என்றீர்கள் இங்கிலீஷில். அது உண்மை. "இவள் பெயருக்கு, வேண்டாதவள் என்று அர்த்தம்."

இன்னாருடைய மகள் என்று சொல்கிற பெயர் அது. தகப்பன் பெயரைச் சுமந்த பெயர். அதற்கு வேண்டாதவள் என்று அர்த்தம் சொன்னீர்கள். அதைச் சொல்ல உங்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்றைக்கும் யோசிக்கிறேன். அருவதாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பெப்பர்மிண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, ரைட்டரைப் பார்த்து, "ஆமா, நா வோணாத பொண்ணு" என்றாள்.

துரை அவள் தலையைத் தட்டிவிட்டுப் போனான். தாயும் மகளும், ஸ்கா, ஒரே குடும்பம், போலந்து. முடிந்தது. அவன் கண்மறைந்ததும் நீங்கள் மகளை அடித்தீர்கள். உடனே தூக்கி வைத்துக்கொண்டு அவள் காதில் அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். அது வேண்டாதவள் இல்லை, அப்பாவின் மகள் என்று சொல்லியிருப்பீர்கள். உங்கள் பாஷை எங்களுக்குத் தெரியாது. ஆனால் கொட்டகையில் எல்லோருக்கும் புரிந்தது.

காட்டையும் பனியையும் ஜெயித்த உங்களை ஆவடி மழைக்கால ஜுரம் கொண்டுபோனது. நீங்கள் சுருட்டிய துணிகளை அனுப்பிய அதே ஆஸ்பத்திரியில், சிப்பாய்களுக்குப் பிறகு உங்களைப் பார்த்தார்கள். நாலாம் நாள் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து மூன்று பெயரையும் சொன்னீர்கள். அவருடையது, உங்களுடையது, அவளுடையது. எழுதக்கூடாது, வாயில் வை என்றீர்கள். நான் சொல்லச் சொல்ல வாலைத் திருத்தினீர்கள். 'தே'யை நான் 'டே' என்றதற்கு, ஜுரத்திலும், "இன்னா டே? நா இன்னா உன் தம்பியா?" என்றீர்கள். "ஆரு கேட்டாலும் சொல்லாதே" என்றீர்கள். கொஞ்சம் கழித்து, "அவுரு வந்தா சொல்லு" என்றீர்கள். அவரை எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கும் முன் கண்ணை மூடிவிட்டீர்கள். தூங்குகிறீர்கள் என்று நினைத்தேன்.

அடக்கத்தன்று உங்கள் சவப்பெட்டியை அண்ணனும் தூக்கினான். அருவதா பத்திரமாக இருக்கிறாள், வாரம் ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன். படிக்கிறாள், சண்டை போடுகிறாள், உயரமாகிவிட்டாள். அந்த மூன்று பெயரையும் தினம் கொப்பரையைக் கிளறும்போது மனதுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு எழுத்து தேயவில்லை. வெள்ளைக்காரன் மூட்டை கட்டப் போகிறான் என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் நிலம் எங்களுக்கு வருமா, பட்டா உள்ளவனுக்கே மறுபடி போகுமா என்று அண்ணன் கூட்டம் போடுகிறான். நானும் பேசுகிறேன். பயமெல்லாம் போய்விட்டது.

பயம் இல்லை, ஆனால் ஒரு விஷயம் தெரிய வேண்டும். நேற்று ரைட்டர் கொட்டகைக்கு வந்தார். தள்ளி நிற்கவில்லை, பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் பேசினார். பம்பாயிலிருந்து விசாரிக்கிறார்களாம். போரில் பிரிந்த குடும்பங்களைத் தேடுகிற ஆபீஸாம். ஒரு பெண், ஒரு சிறுமி, ஒரு பையன். பெயரைப் படித்தார். யெனே என்று முடிந்தது உங்கள் பெயர். தே என்று முடிந்தது அவள் பெயர். வால் கொஞ்சமும் பிசகவில்லை.

"அன்னிக்கு அந்தக் குழந்தை சொன்ன பேர் மாதிரியே இருந்தது. அதான் உன்கிட்ட வந்தேன். நான் இன்னும் ஒண்ணும் எழுதலை" என்றார். தேடுவது யார் என்று கேட்டேன். அது போடவில்லை என்றார். திங்கட்கிழமை பதில் அனுப்பியாக வேண்டும், அதற்குள் யோசித்துச் சொல் என்று போய்விட்டார். நல்ல மனுஷர்தான், தப்பாக எடை போட்டிருந்தேன்.

யோசித்துவிட்டேன். எனக்கும் அருவதாவுக்கும் வெளியே, அந்தப் பெயர்களைச் சரியான வாலோடு சொல்லத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே தரப்பு. ஒன்று, குழந்தைகளின் பூட்ஸை மூட்டையில் வைத்துக்கொண்டு வேறு வண்டியில் ஏறிய மனிதர். அவர் உயிரோடு இருந்தால் இப்படித்தான் தேடுவார். பையனையும் சேர்த்துத்தான் தேடுவார், அவன் மணலில் கிடப்பது அவருக்குத் தெரியாது. இன்னொன்று, விடியுமுன் கதவை இடித்து வாசலில் நின்று அதே பெயர்களைப் படித்தவர்கள். அவர்களும் இப்படித்தான் தேடுவார்கள். அவர்களுக்கும் அவன் செத்தது தெரியாது.

அருவதாவிடம் கேட்டால் அப்பா என்று ஓடுவாள். அவளுக்கு அது கேள்வியே இல்லை. அத்தை, பொய் சொல்லிவிடு, பொண்ணு இங்கேயே இருக்கட்டும் என்கிறாள். பொய்யோ நிஜமோ, நான் கண் இமைக்காமல் சொல்வேன். எதைச் சொல்வது என்று சொல்ல வேண்டியது நீங்கள். பெயரை மட்டும் என் வாயில் வைத்துவிட்டு, ஆளை எப்படித் தெரிந்துகொள்வது என்று சொல்லாமல் போனது நியாயமில்லை.

நாளை மறுநாள் திங்கட்கிழமை. ரைட்டர் வந்து நிற்பார்.

கேக்கறது அவுருதானா? சொல்லு அக்கா.